முன் சக்கரத்து ஐந்து நட்டுகள்

ஸ்ப்ரே பெயிண்டை ஒரே இடத்தில் கெட்டியாக அடித்தால் சீக்கிரம் காயாது. மேலே தோல் கட்டிவிடும், தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே வாரக்கணக்கில் வெண்ணெயாகவே கிடக்கும். டப்பாவின் மேலேயே இது எழுதியிருக்கிறது என்று என் மாப்பிள்ளை ஒருமுறை படித்துக் காட்டினார். எனக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை.

இந்த வாக்குமூலத்தை நானே எழுதுகிறேன். படித்தது ஐந்தாம் வகுப்புவரைதான். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வாயால் சொல்லி நீங்கள் எழுதினால் தாளில் நீங்கள் நினைத்தது இருக்கும், கீழே என் கையெழுத்து இருக்கும். அந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரியும். நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயையும் நான் குடிக்கவில்லை, பார்த்திருப்பீர்கள். உங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. யார் போட்டது என்று தெரியாத டீயை நான் குடிப்பதில்லை, அவ்வளவுதான்.

முப்பத்தெட்டு வருடம் ஒரு டயர் கடையில் சக்கரம் கழற்றி மாட்டினேன். கார், வேன், லாரி எல்லாம் பார்த்திருக்கிறேன். என் முதலாளி மோசமான ஆள், வாயைத் திறந்தால் வசைதான். அவரே ஒரு நாள், "இவன் மாட்டுன சக்கரம் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல" என்று வாடிக்கையாளர் ஒருவரிடம் சொன்னார். நான் அங்கே நிற்பது தெரியாமல் சொன்னார். அதனால் அது உண்மையான பேச்சு.

மனைவி போன பிறகு மகள் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். கார் ஷெட்டை ஒட்டிய அறை எனக்கு. ஒரே ஜன்னல், அது ஷெட்டுக்குள்தான் திறக்கும். வெளிச்சம் வேண்டுமென்றால் ஷெட் கதவை யாராவது திறக்க வேண்டும். நான் குறை சொல்லவில்லை. மகள் நல்லவள். சோற்றைச் சூடாகப் போடுவாள், பக்கத்தில் உட்கார்ந்து போடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வந்துவிடுவார்கள். ஒருவர் பல் டாக்டர். இன்னொருவரைக் கேமரா என்றுதான் கூப்பிடுவார்கள், எப்போதும் கழுத்தில் அது தொங்கும். மூன்று பேருக்கும் கார் பைத்தியம். ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் காரின் சக்கரங்களைக் கழற்றி, பெஞ்சின் மேல் படுக்க வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்து, பெயிண்ட் அடிப்பார்கள். ரப்பரில் பெயிண்ட் படாமல் இருக்க, டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் விளையாட்டுச் சீட்டுகளை ஒவ்வொன்றாகச் செருகி வைப்பார்கள். ராஜா, ராணி, ஜோக்கர் எல்லாம் சக்கரத்தைச் சுற்றி வட்டமாக நிற்கும். நல்ல யோசனைதான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

"டாக்டர், ஊசி போட்டுட்டு தேய்ங்க. அதுக்கு வலிக்கப் போவுது" என்பார் கேமரா.

"வலிச்சா கத்தட்டும். என் கிளினிக்ல கத்தாதவங்க யாரு?" என்பார் பல் டாக்டர்.

இப்படியே மாலைவரை சிரிப்பு. பெயிண்ட் புகை முழுக்க என் அறைக்குள் வரும். என் கண்ணாடியில், பனியனில், தண்ணீர்க் குவளையின் மூடியில் கறுப்புப் புள்ளி. மாப்பிள்ளையிடம் சொன்னேன். "மாமா, ஜன்னலைச் சாத்திக்குங்க" என்றார். சாத்தினால் இருட்டு. சாத்தினேன்.

ஒரு ஞாயிறு அவர்கள் சக்கரத்தின் நட்டுக் குழிகளுக்குள்ளும் சேர்த்து அடிப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். "மாப்பிள்ளை, நட்டு உக்காருற குழியில பெயிண்ட் படக்கூடாது" என்றேன். "பட்டா நட்டு உலோகத்துல உக்காராது, பெயிண்ட்ல உக்காரும். வண்டி ஓடி சூடு ஏறினதும் பெயிண்ட் நசுங்கும், நட்டு தளரும். குழியை அடைச்சிட்டு அடிங்க. மாட்டின பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிட்டு மறுபடியும் இறுக்குங்க." என் வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். கேமரா அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து எதிர்வீட்டுத் தையல்காரர் தன் போனில் அதை எனக்குக் காட்டினார். என் முகம் பெரிதாகத் தெரிந்தது. தலையின் மேல் ஒரு நட்டு சுற்றிச் சுற்றிக் கழன்று விழுந்தது. கீழே, 'பெருசுக்கு ஒரு நட்டு கழண்டுருச்சு' என்று எழுத்து. நான் சொன்ன ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, அதற்கு மேல் சிரிப்புச் சத்தத்தைப் போட்டிருந்தார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தையல்காரர் அடுத்த படத்தையும் காட்டினார். அதில் பல் டாக்டர் பஞ்சுத் துண்டுகளைச் சுருட்டி ஐந்து நட்டுக் குழிகளிலும் அடைக்கிறார். "இது நாங்களே அனுபவத்துல கண்டுபிடிச்சது நண்பர்களே" என்கிறார். பக்கத்தில் மாப்பிள்ளை தலையாட்டுகிறார்.

"உங்க வீட்டு ஆளுங்கதானே? நல்லா விவரமா இருக்காங்களே" என்றார் தையல்காரர்.

அன்று மாலை மாப்பிள்ளையைக் கேட்டேன். "என்னை எதுக்குக் கோமாளி ஆக்குனீங்க?"

"ஐயோ மாமா, ஜாலிக்குத்தானே. நாலு பேர் சிரிச்சா உங்களுக்கு என்ன குறையப் போகுது?"

மகள் அடுப்படியிலிருந்து, "விடுங்கப்பா, அவருக்கு எல்லாம் விளையாட்டு" என்றாள். அவள் விளையாட்டு என்று சொன்னதையும் நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

என்ன குறையும் என்று அவர் கேட்டதைப் பல நாள் யோசித்தேன். உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள்.

அடுத்து மாப்பிள்ளையின் கார் முறை. நாலு சக்கரத்துக்கும் அடர்ந்த சாம்பல் நிறம் அடித்துவிட்டு, அதற்கு மேல் கிளியர் கோட் அடித்தார்கள். கிளியர் கோட் என்றால் நிறம் இல்லாத பளபளப்பு, கண்ணாடி மாதிரி. அது பட்ட இடத்துக்கும் படாத இடத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவன் தெருவில் நூறு பேரில் ஒருவன் இருந்தால் அதிகம். மதியம் சாப்பிட உள்ளே போகும்போது, "மாமா, தூசி விழாமப் பாத்துக்குங்க. கை மட்டும் வச்சிடாதீங்க" என்றார் மாப்பிள்ளை. அவர்கள் சாப்பிடும் சத்தம் எனக்குக் கேட்டது. மகள் அப்பளம் இன்னொன்று வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை, காவலுக்கு ஆள் வேண்டுமே.

வண்டி ஓட்டுபவர் பக்கத்து முன் சக்கரத்தை எடுத்துக்கொண்டேன். எது எந்தப் பக்கம் என்று சுண்ணாம்புக் கட்டியால் டயரில் குறித்திருந்தார்கள், ஒழுங்கான ஆட்கள். ஐந்து பஞ்சையும் உருவினேன். ஐந்து குழிக்குள்ளும் கிளியர் கோட்டைக் கெட்டியாக அடித்தேன். ஏழு பூச்சு. சக்கரத்தின் பின்பக்கம், அச்சோடு ஒட்டி உட்காரும் இடத்திலும் அடித்தேன். அரை மணி நேரம் காத்திருந்தேன். மேலே தோல் கட்டியதும் பஞ்சைத் திரும்பவும் வைத்தேன். ஒரு சொட்டு வழியவில்லை. அவர்கள் வழிய வழியத்தான் அடிப்பார்கள். என் கை வேறு.

நான் நினைத்தது இவ்வளவுதான். சக்கரம் ஆடும். ஸ்டியரிங் உதறும். மாப்பிள்ளை பயந்துபோய் வந்து, "மாமா, என்னன்னு பாருங்க" என்பார். நான் பார்ப்பேன். குழியைச் சுரண்டி, இறுக்கிக் கொடுப்பேன். கேமரா அதைப் படம் எடுப்பார். ஒரு வார்த்தை கேட்டால் போதும், சொல்லிவிடுவேன். ஒரு வாரம் அந்தச் சக்கரங்கள் ஷெட்டில் கிடந்தன. ஏழு நாளில் ஒருத்தர்கூட என்னை ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று மகள் கேட்டாள், அது வேறு.

அடுத்த ஞாயிறு காலை சக்கரங்களை மாட்டினார்கள். மாப்பிள்ளை டார்க் ரென்ச் என்று புதிதாக ஒரு ஸ்பேனர் வாங்கியிருந்தார். குறித்த அளவு இறுகினால் டிக் என்று சத்தம் போடும். ஒவ்வொரு டிக்குக்கும் மூன்று பேரும் கை தட்டினார்கள். கை எவ்வளவு இழுத்தது என்றுதான் அந்த டிக் சொல்லும். நட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. இதை அவர்களிடம் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் இன்னொரு நட்டைக் கழற்றித் தலையில் விடுவார்கள்.

மாப்பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார். ஒன்றும் உதறவில்லை. மதியம் சிரித்துக்கொண்டே திரும்பினார். சாப்பிட்டுவிட்டு நெடுஞ்சாலையில் ஓட்டிப் படம் எடுக்கப் போகிறோம் என்றார்கள். அவர்கள் உள்ளே இருந்தபோது நான் ஷெட்டுக்குப் போனேன். என் பழைய ஸ்பேனரை அந்த முன் சக்கரத்தின் நட்டில் வைத்தேன். இறுக்கும் பக்கம் லேசாகத் தள்ளினேன். ஒரு விரல் அகலம் சும்மா சுற்றியது. அடுத்ததும் அப்படித்தான். ஐந்தில் மூன்று தளர்ந்துவிட்டன. இரும்பு பேசும் என்று நாங்கள் கடையில் சொல்லிக்கொள்வோம். அது பேசியது, நான் கேட்டேன். சுற்றிய விரல் அகலத்தைத் திருப்பி விட்டேன், இருந்தபடியே இருக்கட்டும் என்று. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தேன்.

அப்புறம் அவர்கள் வெளியே வந்தார்கள். ஓடுகிற சக்கரத்தைத் தானே கேமராவில் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளை பல் டாக்டரின் காரில் ஏறிக்கொண்டார். கேமராவும் அதில்தான். மாப்பிள்ளையின் காரில் ஓட்டுபவர் இடத்தில் என் மகள் உட்கார்ந்தாள்.

நான் ஷெட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கார் என்னைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"அப்பா, கொஞ்ச தூரம் ஓடினதும் மறுபடி இறுக்கணும்னு சொல்வீங்களே. நட்டெல்லாம் பாத்தீங்களா?"

"டார்க் ரென்ச் போட்டாச்சு, அதெல்லாம் கேக்காத" என்று மாப்பிள்ளை அந்தக் காரிலிருந்து கத்தினார். பல் டாக்டர் சிரித்தார். கேமரா என் பக்கம் திரும்பியது.

"அவர் கெடக்குறார். நீங்க சொல்லுங்கப்பா. நீங்க பாத்தாதான் எனக்கு நிம்மதி" என்றாள்.

"பாத்தேன்மா" என்றேன்.

அது பொய் இல்லை. பார்த்தேன். இறுக்கினேன் என்று நான் சொல்லவில்லை.

யாரும் என்னைக் கேட்கவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்க வேண்டாம். கேட்க வேண்டியவர் மாப்பிள்ளை. அவர் அந்தக் காரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் எடுத்த படத்தை நேற்று நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அது எனக்குத் தெரிந்தது. நான் சக்கரத்தைப் பார்த்தேன். பெயிண்ட் நன்றாக வந்திருந்தது, வெயிலில் பளபளவென்று. முதலில் ஒரு சின்ன ஆட்டம். பிறகு சக்கரம் தனியாகக் காரை முந்திக்கொண்டு ஓடியது. அதன் பிறகு வந்ததை நீங்களே நிறுத்திவிட்டீர்கள். மகளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை என்றும், இனி வராது என்றும் மருத்துவமனையில் சொல்கிறார்கள். நான் மருத்துவமனைக்காரர்களை நம்புவதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

நான்கு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் அஜாக்கிரதை என்று அவரைக் கூட்டிப் போய் விசாரித்தீர்கள். அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு என் மகள் படுக்கையில் இருந்தபடி கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். நட்டில் குறை இருக்காது, அப்பா பார்த்து இறுக்கியிருந்தார், நான் கேட்டுத்தான் வண்டியை எடுத்தேன் என்று சொல்லியிருக்கிறாள். 'வயதானவர், கை தளர்ந்திருக்கும், சரியாக இறுக்கியிருக்க மாட்டார்' என்று அதற்குக் கீழே உங்கள் ஆள் ஒருவர் எழுதியிருந்தார்.

அதற்காகத்தான் காகிதம் கேட்டேன்.

அந்த வரியை அடித்துவிடுங்கள். அந்தச் சக்கரத்தை நான் இறுக்கவில்லை. தெரிந்தே இறுக்கவில்லை. ஏழு பூச்சு அடித்ததும் நான்தான், மூன்று நட்டு தளர்ந்ததைக் கையால் பார்த்துவிட்டு அப்படியே விட்டதும் நான்தான், அவளைப் போகவிட்டுக் கதவைச் சாத்தியதும் நான்தான். நான் இறுக்கிய சக்கரம் ஒன்றுகூட இன்றுவரை கழன்றதில்லை. மருத்துவமனைக்குப் போகும்போது இதை என் மகளிடம் படித்துக் காட்டுங்கள். அப்பாவின் கை தவறிவிட்டது என்று அவள் வருத்தப்பட்டுக்கொண்டிருப்பாள்.