பதினேழாம் படிவத்தின் பின்பக்கம்

மதிப்பீட்டாளர் அவர்களுக்கு,

முதலில் தாளுக்காக மன்னிக்கவேண்டும். உங்கள் கேள்விக்கொத்தின் கடைசிக் கேள்வி, 'திட்டத்தின் விளைவுகள் பற்றி வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' அதற்கு நீங்கள் விட்டிருக்கும் இடம் நாலு கோடு. கொழும்பில் எல்லாம் நாலு கோட்டுக்குள் அடங்கும்போல. எனக்குக் காணாது. இங்கே எழுதுதாள் தட்டுப்பாடு என்பதால், பழைய ஆய்வுப் படிவங்களின் வெறும் பக்கத்தில் எழுதுகிறேன். மறுபக்கத்தில் இருப்பதை நீங்கள் வாசிக்கத் தேவையில்லை. கடைசித் தாளை மட்டும் திருப்பிப் பார்க்கலாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் பஞ்சலிங்கம், உடுவில். முப்பத்தொரு வருஷம் பொருளியல் படிப்பித்து இளைப்பாறினவன். கேள்வியும் நிரம்பலும், அதாவது தேவையும் வரத்தும், எங்கே சந்திக்கும் என்று கரும்பலகையில் ஆயிரம் தரம் கீறிக் காட்டியிருக்கிறேன். என் மனைவி பராசக்தி மட்டும் என்னைச் சந்தைக்கு விடமாட்டா, கத்தரிக்காய்க்கு விலை கேட்கத் தெரியாத மனிசன் என்று.

1992 மாசியில் இந்தத் திட்டத்தின் முதற் கட்டத்துக்கு என்னை மதிப்பீட்டாளராக நியமித்தார்கள். இன்றைக்கு நீங்கள் இருக்கிற கதிரையில் அன்றைக்கு நான். எனக்கு மூன்று தகுதி இருந்தது: ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவேன், குடாநாட்டுக்குள்ளேயே இருந்தேன், சைக்கிள் இருந்தது. விண்ணப்பத்தில் மூன்றாவதைத்தான் அடிக்கோடிட்டேன்.

திட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தேசியப் பொருளாதாரக் கொள்கை ஆய்வகம் கொழும்பில் இருக்கிறது. அதற்கு ஒரு குளிர்நாடு உதவி செய்தது. நாட்டின் கொள்கைகள் ஊகத்தின்மேல் நில்லாமல் ஆய்வின்மேல் நிற்கவேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம், இப்போதும் சொல்வேன். அதன் யாழ்ப்பாணப் பிரிவு என்பது கொக்குவிலில் ஒரு வாடகை வீடு, ஐந்து பேர், ஒரு தட்டச்சு இயந்திரம். பொறுப்பாளர் சீவரத்தினம். நான் விடை காணவேண்டிய கேள்வியும் ஒன்றுதான்: இந்தப் பிரிவின் ஆய்வால் அரசாங்கத்தின் ஒரு முடிவாவது மாறியிருக்கிறதா? இல்லையென்றால் ஆனியோடு பிரிவைப் பூட்டிவிடுவார்கள்.

"பதினொரு அறிக்கை அனுப்பிப்போட்டம் அண்ணை," என்றார் சீவரத்தினம். "கொழும்பிலை ஆர் வாசிக்கினமோ தெரியாது. இஞ்சை சந்தியிலை கடலை விக்கிறவன் ஒண்டும் விடாமல் வாங்குறான்."

"அவனுக்கு எது பிடிச்சதாம்?"

"வெங்காய அறிக்கை. தடிச்ச தாளாம், கடலை சுத்துற சரை கிழியாதாம்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிகிற இடத்தில் அவர் அழத் தொடங்கினார். "பூட்டினால் நான் என்னெண்டு அண்ணை சீவிக்கிறது? எனக்கு மண்வெட்டி பிடிக்கவும் தெரியாது."

எனக்கு இளகின மனம். சந்தையில் கோழியைக் கால் கட்டித் தூக்கிக்கொண்டு போனாலே நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். தயவுசெய்து இந்தக் குணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

பதினொரு அறிக்கையையும் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தேன். ஒழுங்கான வேலை. ஆனால் எல்லாம் ஒரே சொல்லில் முடிந்தன: கொடுங்கள். மண்ணெண்ணெய் கொடுங்கள், பசளை கொடுங்கள், கடலுக்குப் போக அனுமதி கொடுங்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எந்த அரசாங்கமும் உடனே கேட்கிற ஆலோசனை ஒன்று உண்டு, அது கொடுக்கத் தேவையில்லை என்கிற ஆலோசனை. பன்னிரண்டாவது அறிக்கை அப்படி இருந்தால் பிரிவு தப்பும். முப்பத்தொரு வருஷத்தில் நான் சொந்தமாகக் கண்டுபிடித்த பொருளியல் விதி அது ஒன்றுதான்.

அந்த நேரம் பிரிவின் கையில் ஒரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. மயிலிட்டியில் இருந்து தொண்ணூறில் யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்த நாற்பத்தொரு மீன்பிடிக் குடும்பங்கள் உடுவிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சுருட்டுக் கொட்டிலில் இருந்தார்கள். சாக்கைத் தொங்கவிட்டுப் பிரித்த அறைகள். கடல் வாசத்தில் பிறந்த சனம் புகையிலைத் தூசுக்குள் தும்மிக்கொண்டு கிடந்தது. எல்லாருக்கும் வருகிற நிவாரண அரிசி, பருப்புக்கு மேலாக, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் கிழமைக்கு ஒருமுறை பால்மாவும் சத்துமாவும் வரும். அந்தப் பங்கு தொடரவேண்டுமா என்பதுதான் ஆய்வு.

ஆய்வு செய்தவ அருந்ததி, உடுப்பிட்டிப் பிள்ளை, பிரிவிலேயே கெட்டிக்காரி. வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒருநாள் நானும் கூடப் போனேன். பதினேழாவது குடும்பம் லூர்த்தம்மாவுடையது. மனிசன் தோட்டங்களில் கூலிக்கு வெங்காயம் கிண்டப் போய்விட்டார். மூன்று வயதுப் பெடியன் பிலிப்பு என் சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தான்.

ஒன்பதாம் கேள்வி வந்தது. "நேற்று எத்தினை வேளை சாப்பிட்டனீங்கள் அக்கா?"

"மூண்டு வேளையும்தான் பிள்ளை. இதென்ன கேள்வி?" லூர்த்தம்மா என்னைப் பார்த்தா. "சேர் நிண்டுகொண்டு நிக்கிறார். இருங்கோ சேர், தேத்தண்ணி போடட்டே?"

"வேண்டாம் அம்மா, இப்பதான் குடிச்சனான்."

"பிள்ளையளின்ரை மா ஒழுங்கா வருகுதோ?" என்றா அருந்ததி.

"ஓம். உது வாற நாளிலைதான் உவன் எழும்பி ஓடித் திரியிறவன். மற்ற நாளிலை சைக்கிளுக்குப் பக்கத்திலையும் வரான்."

அருந்ததி ஒன்பதாம் கேள்விக்கு எதிரே மையால் 'மூன்று' என்று எழுதினா. பிறகு தண்ணீர் குடிக்கிற சாட்டில் அடுப்படிக்குப் போனா. சாம்பலுக்குள் விரலை வைத்துப் பார்த்தா. பானை மூடியைத் தூக்கிப் பார்த்தா. வெளியில் வந்து படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதினா.

நான் புறப்பட, பிலிப்பு சைக்கிள் கரியரைப் பிடித்தான். "என்னை ஏத்துறியளோ?"

"பிறகு ஏத்துறன் ராசா," என்றேன்.

வழியில் அருந்ததியைக் கேட்டேன். "உதேன் பிள்ளை பென்சிலாலை?"

"சேர், உங்கடை வீட்டிலை நேற்று அடுப்பு மூட்டேல்லை எண்டு வையுங்கோ. படிவத்தோடை வந்து நிக்கிற எனக்கு அதைச் சொல்லுவியளோ?"

"மாட்டன்."

"அவையும் சொல்லமாட்டினம். அதுவும் உடுவில் வாத்தியார் பக்கத்திலை நிக்கேக்கை செத்தாலும் சொல்லமாட்டினம். வாய் சொல்லுறதை மையாலை எழுதுறன். அடுப்புச் சொல்லுறதைப் பென்சிலாலை எழுதுறன். அறிக்கையிலை ரண்டையும் வைச்சுப் பாக்கவேணும்."

நல்ல முறை. நாற்பத்தொரு படிவத்திலும் மை ஒன்று சொன்னது, பென்சில் வேறொன்று சொன்னது. மை சொன்னதைப் பார்த்தால் அந்தக் கொட்டிலில் எல்லாரும் மூன்று வேளை சாப்பிட்டார்கள். பென்சிலைப் பார்த்தால் ஒரு வேளை, சில இடங்களில் அதுவும் இல்லை.

பங்குனியில் அருந்ததி தமக்கையின் கலியாணத்துக்கு ஒரு கிழமை உடுப்பிட்டிக்குப் போனா. நான் படிவக் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் இருந்து, அழிறப்பரால் நாற்பத்தொரு ஓரத்தையும் துடைத்தேன். பராசக்தி எட்டிப் பார்த்து, "பள்ளிக்கூடம் விட்டும் திருத்துற வேலை போகேல்லையோ?" என்றா. பின்னேரத் தேத்தண்ணிக்கு முன்னம் வேலை முடிந்தது. தூசை ஊதிவிட்டேன்.

இதில் மோசடி என்று நீங்கள் நினைக்கக்கூடாது. நான் ஒரு இலக்கத்தையும் மாற்றவில்லை, ஒரு விடையையும் கற்பனை செய்யவில்லை. கேட்கப்பட்டவர் சொன்னதுதான் விடை, கேட்டவர் ஓரத்தில் கிறுக்குவது விடையல்ல. இதை நான் பிள்ளைகளுக்கும் படிப்பித்திருக்கிறேன். பன்னிரண்டாவது அறிக்கையை நானே எழுதினேன், சீவரத்தினம் கையெழுத்து வைத்தார். ஆறு பக்கம். குடும்பங்கள் மூன்று வேளையும் உண்பதாகத் தாமே தெரிவிக்கின்றன. ஆகவே பிள்ளைகளுக்கான மேலதிகப் பங்கை நிறுத்தலாம். கிளாலிப் படகில் ஏறிக் கொழும்புக்குப் போன ஒருவரின் கையில் கொடுத்துவிட்டோம்.

பதினொரு அறிக்கைக்கும் ஒரு வரிப் பதில்கூட வந்ததில்லை. இதற்குப் பத்தொன்பது நாளில் சுற்றுநிருபமே வந்தது. பிள்ளைகளின் பங்கு நிறுத்தம். கொட்டிலில் மட்டுமல்ல, அதே வகையான முகாம்கள் எல்லாவற்றிலும். அவ்வளவு தூரம் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு ஆய்வாளனுக்கு அது சந்தோஷமான அதிர்ச்சி.

மதிப்பீட்டில் எழுதினேன்: கொள்கையில் ஏற்பட்ட மாற்றம், ஒன்று. ஆய்வுக்கும் மாற்றத்துக்கும் இடையிலான தொடர்பு, நேரடியானது. பயன்விளைவு, மிகவும் உயர்ந்தது. குளிர்நாட்டில் இருந்து பாராட்டுக் கடிதமும், இரண்டாம் கட்டத்துக்கு மூன்று வருஷ உதவியும் வந்தன. சீவரத்தினம் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு நீங்கள் மதிப்பிடுவது அந்தக் கட்டத்தைத்தான்.

இதற்கெல்லாம் முன்னமே, கலியாணம் முடிந்து அருந்ததி திரும்பி வந்து படிவங்களைப் பார்த்தா. ஒன்றொன்றாக வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துப் பார்த்தா. என்னிடம் சண்டைக்கு வரவில்லை. ஏதாவது சொன்னால் சொல்வதற்கு நான் ஒரு பகிடிகூட ஆயத்தமாக வைத்திருந்தேன். தன் பென்சில் துண்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனா. அடுத்தநாள் வரவில்லை. 'பணியாளர் விலகல், ஒன்று. சொந்தக் காரணம்' என்று குறித்துக்கொண்டேன்.

கார்த்திகை மழையோடு கொட்டிலுக்குள் தண்ணீர் வந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். மரணத் துண்டில் டொக்டர் வயிற்றோட்டம் என்றுதான் எழுதினார், வேறொன்றும் எழுதவில்லை. நான் துண்டை வாங்கி இரண்டு தரம் வாசித்தேன். உடம்பில் கொஞ்சம் பிடிப்பு இருந்திருந்தால் தாங்கியிருக்கும் என்று வாயால் சொன்னார். வாயால் சொன்னதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பிலிப்பு முதலாவது. அந்த மாரிக்குள் கொட்டிலில் இன்னும் நாலு பிள்ளைகள். மற்ற முகாம்கள் நான் எடுத்த மாதிரிக்குள் வரவில்லை, ஆகவே அவை பற்றிக் கருத்துக் கூற இயலாது.

பிலிப்பின் செய்தி கேட்டதும் நான் போனேன். இளகின மனம் என்று சொன்னேனே. பெட்டி சின்னன். புதைக்கிற சேமக்காலை தூரம், வாகனத்துக்கு எண்ணெய் இல்லை. என் சைக்கிள் கரியரில் பெட்டியை வைத்துக் கட்டினார்கள். தகப்பன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வர, மழைச் சேற்றுக்குள் நான் உருட்டிக்கொண்டு போனேன். பிறகு ஏத்துறன் என்று சொல்லியிருந்தேன். சொன்ன சொல் தவறவில்லை.

திரும்பி வந்து கொட்டில் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றேன். லூர்த்தம்மா தூணோடு இருந்தா. ஏதாவது கதைக்கவேண்டும் என்று கேட்டேன். "ஏதும் சாப்பிட்டனீங்களோ அம்மா?"

அவ முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினா. "ஓம் சேர், சாப்பிட்டாச்சு. நீங்கள் மழைக்குள்ளாலை வந்திருக்கிறியள். இருங்கோ, தேத்தண்ணி போடட்டே?"

அன்றைக்குத்தான் எனக்கு மனம் ஆறியது. அப்படிப்பட்ட நாளில் ஒரு தாய் பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? நான் திரும்பவும் கேட்டேன், அதே விடை வந்தது. ஆய்வில் இதை உறுதிப்படுத்தல் என்போம்.

போன மாதம் கொக்குவில் அலுவலகம் பழைய தாள்களை எல்லாம் கடலைக்காரனுக்குக் கொடுக்கக் கட்டி வைத்திருந்தது. நாற்பத்தொரு படிவத்தையும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று சீவரத்தினம் கேட்டார். எழுதுவதற்கு என்றேன். எழுதியும்விட்டேன்.

ஆக, உங்கள் கேள்விக்கு விடை: ஓம், திட்டத்துக்கு விளைவு உண்டு. நாற்பத்தொரு ஓரத்தையும் அழித்தது நான், அறிக்கையை எழுதினது நான், அதற்கு 'மிகவும் உயர்ந்தது' என்று புள்ளி போட்டதும் நான். வேறு ஒருவரையும் விசாரிக்கத் தேவையில்லை.

இந்தக் கடைசித் தாள் பதினேழாம் படிவம். இதைத் திருப்பி வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால், ஓரத்தில் எழுத்துகள் பள்ளமாகத் தெரியும். அருந்ததிக்கு அழுத்தி எழுதுகிற கை. 'சாம்பல் குளிர். பானை வெறும். பெடியனுக்கு இன்றைக்கும் இல்லை.' நான் எவ்வளவோ அழித்துப் பார்த்தேன், போகவில்லை. அதை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம், அது பென்சில்.

ஒன்பதாம் கேள்விக்கு எதிரே மையால் எழுதினது தெளிவாக இருக்கிறது. மூன்று.