சின்ன அறையில் எட்டுச் செலவு

மாலை நாலரை மணி. ஊரில் என்றால் தேத்தண்ணி குடிக்கும் நேரம். மார்கழி மாதத்தில் இங்கே நோர்வேயில்... நல்ல இருட்டு.

ஒஸ்லோவை விட்டு வடக்கே ஒரு மணி நேரம் ஓடினால் பெரிய வீதியிலிருந்து ஒரு சின்ன வீதி பிரிகிறது. இரண்டு பக்கமும் காடு. விளக்குக் கம்பம் கிடையாது. ஒன்பது கிலோமீற்றருக்கு ஒரு வீடு இல்லை. அந்த வீதியால்தான் இரத்தினவேல் பதினொரு வருடமாக வேலைக்குப் போய்வந்தார்.

இரத்தினவேல் யாரென்றால், நம் கஜரூபனின் தாய்மாமன். கஜரூபன் இந்தக் கதையைச் சொல்லமாட்டான். யாராவது தொடங்கினாலே எழும்பித் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். இப்போதும் பாருங்கள், குசினிக்குள்தான் நிற்கிறான். அதனால் நான் சொல்கிறேன். அந்த யன்னல் சீலையை இழுத்து விடுங்கள்... சரி.

வீதி முடிகிற இடத்தில் ஒரு கிராமம். ஒரு தேவாலயம், ஒரு பெற்றோல் நிலையம், ஒரு சாப்பாட்டுக்கடை. சும்மா கடை இல்லை. நூறு வருடத்துக்கு முந்திய மரவீடு. முன்பக்கம் பியர் ஊற்றுவார்கள். உள்ளே வெள்ளைத் துணி விரித்த மேசைகள். நகரத்துப் பணக்காரர் காரில் வந்து, மான் இறைச்சியைக் கண்ணை மூடிக்கொண்டு மென்று, “இதுதான் அசல் நாட்டுப்புறச் சுவை” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த அசல் நாட்டுப்புறச் சுவையைச் சமைத்தது ஒஸ்லோ ஓரத்து ரொம்சோஸில் நாலாம் மாடியில் குடியிருந்த நம் ஆள்.

இது 2006இல் நடந்தது. மனிதருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை, முழங்கால் இரண்டும் போய்விட்டன. மனைவி உதயகுமாரிக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. ஒருவர் வர மற்றவர் போவார். கதைப்பதெல்லாம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய துண்டுக் கடதாசியில்தான். களைப்பு என்று சொல்வதற்கே களைப்பாக இருந்த காலம்.

அப்போதுதான் உரும்பிராயிலிருந்து, அதுதான் அவருடைய ஊர், தொலைபேசி வந்தது. மூத்த தமையன் வரதராசா போய்விட்டார். சண்டையால் பாதை பூட்டி, யாழ்ப்பாணத்துக்குள் சாமான் வராமல் கிடந்த நேரம். அரிசிக்குச் சங்கக்கடை வரிசையில் நின்றவர், நின்றபடியே விழுந்தாராம். கையில் வெறும் பை. இரத்தினவேலுக்குப் போக வழியில்லை. செத்தவீட்டைத் தொலைபேசியில் கேட்டு, தொலைபேசியிலேயே அழுது முடித்தார்.

ஐந்தாம் நாள் தமையனின் மனைவி தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, எட்டுச் செலவுக்கு இஞ்சை மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. ஒரு சுண்டு அரிசிதான் கிடக்கு. நீங்கள் அங்கை வடிவாப் படைச்சு விடுங்கோ. மனுசன் பசியோடை போயிட்டார்.”

“ஓம் அண்ணி. நான் செய்யிறன்.”

இங்கே பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எட்டுச் செலவு என்பது, எட்டாம் நாள், போனவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து ஒரு அறையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது. மச்ச மாமிசம், சாராயம், சுருட்டு, எதற்கும் தடையில்லை. அவர் வந்து சாப்பிட்டுப் போவார் என்று நம்பிக்கை. கொஞ்ச நேரத்தால் கதவைத் தட்டித் திறந்தால்... சோறு வைத்தது வைத்தபடி இருக்கும். எந்த வீட்டிலும் ஒரு பருக்கை குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. உண்மையைச் சொன்னால், அதில்தான் எல்லோருக்கும் நிம்மதி.

எட்டாம் நாள் சனிக்கிழமை. நத்தார்ப் பண்டிகை விருந்துக் காலம். அன்று இரண்டு கூட்டம், நாற்பத்திரண்டு பேர். மற்றச் சமையல்காரனுக்குக் காய்ச்சல். முதலாளி இங்கெர் நல்ல மனுசி. ஆனாலும் என்ன செய்வார்? “நீ வராவிட்டால் கடையைப் பூட்டத்தான் வேண்டும்” என்றார். உதயகுமாரிக்கும் லீவு இல்லை. இரத்தினவேல் யோசித்துவிட்டு, கடையின் பின்பக்கத்துச் சின்ன அறையை ஒரு மணி நேரம் தரமுடியுமா என்று கேட்டார். யன்னலோரம் ஒரு மேசை, இரண்டு கதிரை. பல வருடமாக அங்கே யாரையும் இருத்துவதில்லை. “அந்த அறையா?” என்று இங்கெர் ஒருமுறை கேட்டார். பிறகு திறப்பை எடுத்துக் கொடுத்தார்.

பன்றி விலாவும் புளிக்கவைத்த முட்டைக்கோவாவும் மணந்த குசினியின் ஒரு மூலையில், வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்தார் இரத்தினவேல். ஆட்டிறைச்சிக் கறி. மீன் பொரியல். கத்தரிக்காய்ப் பால்கறி. அவித்த முட்டை. சாராயத்துக்குப் பதிலாக இந்த நாட்டுச் சாராயம் ஒரு கிளாஸ். வாழையிலை இல்லை, வெள்ளைத் தட்டு. கரண்டி எதுவும் வைக்கவில்லை. தமையன் கையால் குழைத்து உண்கிற மனிதர்.

“அண்ணை, வந்து சாப்பிடுங்கோ.”

கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டார். வாசலில் கொஞ்ச நேரம் கைகட்டி நிற்க ஆசை. நிற்கவிட்டால்தானே? மணி அடித்தது. ஏழாம் மேசை. பிறகு பன்னிரண்டாம் மேசை. மண்டபத்தில் ஒரே பாட்டும் சிரிப்பும். இடையில் ஒருமுறை சின்ன அறைப் பக்கம்... டிங். பீங்கானில் இரும்பு படுகிற சத்தம். மண்டபத்துச் சத்தம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

நாற்பது நிமிடம் கழித்துத் தட்டிவிட்டுத் திறந்தார்.

தட்டு காலி.

ஒரு பருக்கை இல்லை. கிளாஸ் காலி. தட்டில் ஒரு கத்தியும் முள்ளுக்கரண்டியும் ஒன்றோடொன்று ஒட்டிச் சரிவாகக் கிடந்தன, சாப்பிட்டு முடித்ததும் இங்கத்தையவர்கள் வைக்கிறபடி. இறைச்சி எலும்பு ஒன்றையும் கடித்திருக்கவில்லை, சுத்தமாக வெட்டி எடுத்து ஓரத்தில் அடுக்கியிருந்தது. அறை முழுதும் பைப் புகையிலை மணம்... அந்தக் கடைக்குள் யாரும் புகைப்பதில்லை.

இரத்தினவேலுக்கு முதலில் வந்தது பயமில்லை. ஆத்திரம்தான் வந்தது. தமையனின் சோற்றை வேறு யாரோ தின்றுவிட்டார்கள். நேரே இங்கெரிடம் போய்க் கேட்டார். யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. எப்படிப் போவார்கள்? திறப்பு அவருடைய சட்டைப்பைக்குள்தானே இருந்தது.

திரும்பச் சமைக்க அரிசி இல்லை. நேரமும் இல்லை. நாற்பத்திரண்டு பேருக்கும் பரிமாறி, சட்டி பானை கழுவி, கடையைப் பூட்டிக்கொண்டு அந்த ஒன்பது கிலோமீற்றரையும் ஓடினார். அழக்கூடத் தெம்பில்லை. எட்டாம் நாள் முடிந்துபோயிற்று.

விடிய அண்ணி எடுத்தார்.

“படைச்சனீங்களே தம்பி?”

“ஓம் அண்ணி.”

“வயிறு நிறையச் சாப்பிட்டிருப்பார், என்ன?”

“ஓம்... அண்ணி.”

ஒரு பை அரிசியைக் காரில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஒன்பதாம் நாள் படைத்தால் சேருமா சேராதா என்று கேட்பதற்கும் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கெருக்கு ஒரு பழக்கம். வாசலில் கிடக்கும் விருந்தினர் புத்தகத்தைக் குசினிக்குக் கொண்டுவந்து, முதல்நாள் சாப்பிட்டவர்கள் எழுதிவிட்டுப் போனதைச் சத்தமாக வாசிப்பார். அன்றும் வாசித்தார். பன்றி விலா பிரமாதமாம். உருளைக்கிழங்கு ஆறிப்போயிருந்ததாம். இன்னொருவருக்குப் பாட்டுச் சத்தம் கூடிப்போச்சாம். மூன்றும் வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவர்... நின்றுவிட்டார்.

“என்ன?” என்று கேட்டார் இரத்தினவேல்.

நீல மை. சரிந்த எழுத்து. பெயர் இல்லை. இங்கெர் அதை மிக மெதுவாக வாசித்தார்.

“சாப்பாடு நன்றாக இருந்தது. நன்றாகவே உறைத்தது. என்னை யாரும் கூப்பிட்டுச் சாப்பாடு வைத்துப் பல காலம் ஆகிறது, நன்றி. யன்னலுக்கு வெளியே ஒரு மனிதர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையில் வெறும் பை. பனிக்குள் வெறுங்கால். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டேன். எங்கள் மொழி அவருக்கு விளங்கவில்லை. இதை எழுதும்போதும் நிற்கிறார்.”

இரத்தினவேல் அடுப்பை அணைத்தார். பின்கதவைத் திறந்தார். வெளியே சைபருக்குக் கீழே பதினாலு. மூச்சு விட்டால் மூக்குமயிர் உறையும். காட்டைப் பார்த்து, இங்கெர் முன்னால், வெட்கம் பாராமல் கூப்பிட்டார்.

“அண்ணை... இந்தக் கதவாலை வாங்கோ. அங்கை நிக்காதேங்கோ. வரிசை ஒண்டும் இல்லை. உள்ளை வாங்கோ.”

ஒரு சத்தமும் இல்லை. மரத்திலிருந்து கொஞ்சம் பனி சரிந்து விழுந்தது, அவ்வளவுதான்.

சூடு போகிறது, கதவைச் சாத்து என்று இங்கெர் சொல்லவில்லை. யார் அந்த ஆள் என்று மட்டும் கேட்டார். அண்ணர் என்றார் இரத்தினவேல். அந்தக் கையெழுத்து யாருடையது என்று இவர் திருப்பிக் கேட்டார். அந்த மனுசி சின்ன அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். உள்ளே போய், தான் பின்னிய தடித்த கம்பளிக் காலுறை ஒரு சோடி கொண்டுவந்து, கதவுக்கு உட்பக்கம் நிலத்தில் வைத்தார்.

“வெறுங்கால் என்று எழுதியிருக்கிறதே” என்றார்.

அன்று கடை ஐந்து மணிக்கே மூடிவிடும். இரத்தினவேல் திரும்பவும் சமைத்தார். இந்த முறை இரண்டு தட்டு. கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். திங்கள் விடுமுறை. ஒன்பது நாளுக்குப் பிறகு அந்த ஞாயிறு இரவுதான் மனிதர் படுத்ததும் நித்திரையானாராம்.

செவ்வாய் காலை இருவரும் சேர்ந்துதான் திறந்தார்கள். ஞாயிறு மாலைக்குப் பிறகு அடுப்பு எரியாத வீடு. சின்ன அறைக்குள் மூச்சு புகையாகப் போனது. மேசையில் இரண்டு தட்டும் காலி. இங்கெர் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரத்தினவேலின் கண் கீழே போனது.

பின்கதவடியில் வைத்த காலுறைகள், யன்னலோரக் கதிரைக்குக் கீழே கிடந்தன. நனைந்திருந்தன. குனிந்து எடுத்தார். அடிப்பக்கம் மண். அந்தக் கிராமத்தில் சித்திரை வரை ஒருவர் கண்ணிலும் மண் படாது, இடுப்பளவு பனி. இது சிவந்த மண். உரும்பிராய்த் தோட்டத்து மண்.

காலுறைக்குள் கையை விட்டுப் பார்த்தார்... இன்னும் சூடாக இருந்தது.