அப்பா காலடியில் ஒரு பிரேக்

மகள்: காலை எடுங்கப்பா.

அப்பா: எங்க வச்சிருக்கேன்? சும்மா பக்கத்துல...

மகள்: பக்கத்துலயும் வைக்கக் கூடாது. பந்தயம்னா பந்தயம். கடற்கரையில வண்டியை விட்டு இறங்கற வரைக்கும் வாத்தியாருக்குன்னு உங்க பக்கம் வச்சிருக்கற பிரேக்கைத் தொடக் கூடாது, நான் ஓட்டறதைப் பத்தி மூச்சு விடக் கூடாது. மீறினா நீங்க அவுட்டு. நாளைக்கு அந்த வெளியூர் துறைமுகத்துல கிரேன் ஓட்டற வேலையில நான் சேருவேன்.

அப்பா: மீறலைன்னா?

மகள்: வேலைய மறந்துட்டு உங்க டிரைவிங் ஸ்கூல்லயே இருக்கேன். போதுமா?

அப்பா: போதும் போதும். இந்தா, சம்மணமே போட்டாச்சு.

மகள்: ஊருக்கே ஓட்டச் சொல்லிக் குடுத்த வாத்தியாரு உக்கார்ற லட்சணத்தைப் பாரு.

அப்பா: பேச்சைக் குறைச்சுட்டு ரோட்டைப்...

மகள்: ரோட்டை?

அப்பா: ரோட்டோரத்துல மரமெல்லாம் நல்லா இருக்குன்னு சொல்ல வந்தேன்.

மகள்: பொழைச்சீங்க.

அப்பா: முன்னாடி போற லாரி முதுகுல என்னமோ எழுதியிருக்கு. கண்ணாடி போடாமலே படிக்க முடியுது எனக்கு.

மகள்: ரொம்பக் கிட்ட போறேன்னு சொல்றீங்களா?

அப்பா: நான் எங்க சொன்னேன்? பார்வை தெளிஞ்சிடுச்சேன்னு சந்தோஷப்படறேன்.

மகள்: சரி, இனிமே ரெண்டாவது கியர்லயே போகப் போறேன்.

அப்பா: போ, ராசாத்தி.

மகள்: கர்சீப்பை ஏன் கடிக்கறீங்க?

அப்பா: பசி.

மகள்: அப்பா, நிஜமா கேக்கறேன். கிரேன்னா ஏன் இவ்வளவு பயம்? உயரமா?

அப்பா: உயரமாவது ஒண்ணாவது.

மகள்: பின்ன?

அப்பா: அந்தக் கேபின்ல ஒரே ஒரு சீட்டுதானாமே...

மகள்: அதுக்கென்ன?

அப்பா: நீ சைக்கிள் பழகினப்பவும் கூடவே ஓடினேன். கார் பழகினப்பவும் பக்கத்துலயே உக்காந்தேன். அங்க நான் எங்கம்மா உக்கார்றது?

மகள்: அழ வச்சு ஜெயிக்கலாம்னு பாக்கறீங்க.

அப்பா: தோக்கறதுக்கா கூட வந்தேன்?

மகள்: கடல் தெரியுது.

அப்பா: ம்ம்... அப்படியே ஓரமா... ஓரமா ஒரு படகு நிக்குது பாரு, புதுசு மாதிரி இருக்கு.

மகள்: நிறுத்தியாச்சு, என்ஜினும் அணைச்சாச்சு. நீங்க ஜெயிச்சுட்டீங்கப்பா. சந்தோஷமா?

அப்பா: இரு, காலை இறக்கிக்கறேன். மரத்துப் போச்சு.

மகள்: அப்பா... வண்டிதான் நின்னுடுச்சே. இப்ப எதுக்கு பிரேக்கை மிதிக்கறீங்க?

அப்பா: ஐயையோ, மிதிச்சுட்டேனா?

மகள்: இன்னும் மிதிச்சுக்கிட்டேதான் இருக்கீங்க.

அப்பா: பழக்க தோஷம். இறங்கற வரைக்கும்னு நீதானே சொன்ன? இன்னும் இறங்கலையே. அவுட்டுன்னா அவுட்டுதான்.

மகள்: வேணும்னுதானே பண்றீங்க?

அப்பா: கால் சொன்ன பேச்சைக் கேக்கலை. என்ன பண்ணச் சொல்ற?

மகள்: நானும் ஒண்ணு சொல்லிடறேன், திட்டக் கூடாது. துறைமுகத்து வேலைக்கு வர்றேன்னு போன வாரமே ஒத்துக்கிட்டேன்.

அப்பா: அடிப்பாவி. அப்ப என்னை சம்மணம் போட வச்சது?

மகள்: உங்க வாயால போன்னு சொல்ல வைக்கத்தான். சரி, சீக்கிரம் கால் நனைச்சுட்டுத் திரும்பலாம். வீட்டுக்குப் போய் பெட்டி கட்டணும்.

அப்பா: எதுக்குத் திரும்பணும்? பெட்டி டிக்கியில இருக்கு. நேத்தே உங்கம்மாவும் நானும் கட்டி ஏத்திட்டோம். நீ ஓட்டின ஓட்டுக்கு உள்ள எதெது உடைஞ்சிருக்கோ, போய்ப் பாரு.