வெள்ளைக்கல் வழி

ஊருக்குத் தலைவரான நீங்களே இருக்கக் கதிரை தந்தீர்கள், விதானையார், பெரிய உபகாரம். நாள் முழுக்க நடக்கிற கால்கள் இவை.

நெடுந்தீவுப் புல்வெளிக்கு என்னைக் காவல் வைத்தது அரசாங்கக் கந்தோர்த் துரை. குதிரைகளும் ஊர் மாடுகளும் மேய்கிற நிலம். முருகைக்கற் பாறையின் மேல் ஒரு சாண் மண்தான். மிதிபட்டுப் புல் செத்தால் மண்ணை மழை கொண்டுபோய்விடும். யார் எங்கே மிதிக்கிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. வேலியோரம் நல்ல வண்டிப்பாதை இருக்கிறது. ஆனால் வேதக் கோயிலுக்குப் போகிற சனம் புல்லுக்குக் குறுக்கேதான் விழும். முள் வெட்டிப் போட்டேன். முள்ளைச் சுற்றி இன்னொரு பாதை விழுந்தது. அதையும் அடைத்தேன், அதற்கும் பக்கத்தில் ஒன்று. சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

மீன் விற்கிற பிலோமினம்மாவை உங்களுக்குத் தெரியும். முழங்கால் நோவால் எல்லாருக்கும் முன்னமே தனியாகப் பூசைக்குப் புறப்படுகிறவர்.

“சுத்திப் போக ஏலாது தம்பி,” என்றார்.

“ஏலாட்டி வீட்டிலை இருந்து செபம் சொல்லுங்கோ அக்கா.”

“புல்லு திரும்ப முளைக்கும். நீர் உம்மடை வேலையைப் பாரும்.”

என் வேலையைத்தான் பார்த்தேன். விடியமுன் நடப்பவர்களுக்கு வழி தெரியப் பாதையோரம் வெள்ளை முருகைக்கல் வைப்பது எங்கள் ஊர் வழக்கம். கல்லைப் பார்த்து நடந்தால் கால் பிசகாது என்று எல்லாரும் நம்புவார்கள். கோயில் பெருநாளுக்கு முதல்நாள் பின்னேரம், புல்லின் குறுக்கே கிடந்த அந்தக் கற்களைப் பாறைப் பக்கமாக மாற்றி வைத்தேன். அங்கே புல் இல்லை, மிதித்தாலும் நட்டமில்லை. கல் போதவில்லை. அங்கிருந்த பாழுங்கிணற்றின் சுற்றுக்கட்டுக் கல்லைக் கழற்றி மிச்சத்துக்கு வைத்தேன்.

பெருநாளன்று விடியமுன் பிலோமினம்மா கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிட்டது எனக்குக் கேட்டது. “தம்பி” என்றுதான் கூப்பிட்டார். நான் புல்வெளியின் மற்றப் பக்கம் நின்றேன். பனியில் புல் நனைந்திருந்தது; ஈரத்தில் மிதித்தால் வேரோடு பெயர்ந்துவிடும். வெயில் ஏறட்டும் என்று நின்றேன். மற்றச் சனம் வந்தபோது சத்தம் அடங்கியிருந்தது. அவர்களை மறித்து வண்டிப்பாதையால் அனுப்பினேன். அன்றைக்கு மட்டும் சொல் கேட்டார்கள்.

எல்லாம் நான் செய்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் ஒன்று, விதானையார். அவருக்கு மெழுகுதிரி கொளுத்தவென்று ஊரே இப்போது கிணற்றடிக்குப் போய்வருகிறது, புல்லுக்குக் குறுக்கே. நேற்றுப் பார்த்தேன், மண் தெரியத் தொடங்கிவிட்டது. என்னைக் கொண்டுபோக முன்னம் அந்தப் பாதையை அடைக்க ஓர் ஆளை விடுங்கள்.