இரண்டாவது கியர் விழும்வரை

அப்பா: சட்டியில இன்னும் கொஞ்சம் தணலு போடு சரசு. இது எந்த மூலைக்கு ஆவும்?

நான்: போப்பா. வெந்நி அடுப்புல இருந்ததையெல்லாம் வழிச்சிக் குடுத்தாச்சு. புள்ள பெத்தவளுக்குக்கூட யாரும் இவ்ளோ சூடு காட்ட மாட்டாங்க.

அப்பா: காரோட கியர் பெட்டியில ஆயிலு வெண்ணெய் மாதிரி இறுகிக் கெடக்குதும்மா. அடியில கொஞ்ச நேரம் தணலு வெச்சாத்தான் இளகும். இந்த மார்கழிப் பனியில சும்மா எடுத்தா ரெண்டாவது விழாது.

அண்ணன்: விழலைன்னா ஒண்ணுலேருந்து நேரா மூணுக்குப் போவ வேண்டியதுதானே.

அப்பா: கேட்டியா உங்கண்ணன் பேச்சை? இவனுக்கு லைசென்சு குடுத்தவனைத் தேடிப் புடிச்சி ஒதைக்கணும்.

அண்ணன்: இல்லப்பா, நான் இன்னா சொல்ல வந்தேன்னா—

அப்பா: ஒண்ணும் சொல்ல வேணாம் தருமா. நீ கிளட்ச்சை மிதிக்கற லட்சணம் எனக்குத் தெரியாதா? வாசல்ல போட்ட கோலத்தைத் தாண்டறவன் மாதிரி நுனிக்கால்ல மிதிக்கறே. உள்ள பல்லு நறநறங்குது. அந்தச் சத்தம் கேட்டா எனக்கு என் பல்லே கூசிப்போவுது.

நான்: தூக்கத்துலயும் இதே பாட்டுதாண்ணா. முந்தாநாளு ரோட்டுல போன எவனோ ஒரு லாரிக்காரன் கியரை அரைச்சிட்டான். இவரு பாயில எழுந்து குந்திக்கினு அவனைத் திட்டறாரு.

அண்ணன்: அம்மாதான் தப்பிச்சுது. பேரனைப் பாக்கறேன்னு போளூர் போயி நிம்மதியாத் தூங்குது.

அப்பா: சிரிங்க, சிரிங்க. ஆசிரமத்தாண்ட வெள்ளைக்காரம்மா மூட்டை முடிச்சோட நின்னுகினு இருக்கும். மெட்ராசுக்கு இட்டுகினு போவணும். அந்த விசிறியை இப்பிடிக் குடு. நான்…

நான்: இன்னாப்பா?

அப்பா: ஒண்ணுமில்ல. குனிஞ்சேன் இல்ல… வாய்வு புடிச்சிக்கிச்சு.

நான்: மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கொட்டுதேப்பா. இந்தப் பனியில இன்னா வேர்வை?

அப்பா: தணலாண்ட குந்தியிருந்தா வேர்க்காதா… ஓமத்தண்ணி இருந்தா கொண்டாம்மா. இந்தக் கையிதான்… தோளுலேருந்து விரலு வரைக்கும் இழுக்குது.

நான்: அண்ணா! விசிறியைப் போட்டுட்டு இங்க வா. அப்பாவைப் புடி.

அண்ணன்: அப்பா… இன்னாப்பா பண்ணுது? நெஞ்சு வலிக்குதா?

அப்பா: கத்தாதீங்கடா. அக்கம்பக்கத்துல எழுந்து வந்துருவாங்க.

அண்ணன்: வரட்டும். சரசு, பின்னாடி கதவைத் தொற. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்.

அப்பா: இப்பத்தான்டா தணலு வெச்சிருக்குது… இன்னும் சூடே ஏறல. கொஞ்சம் பொறு… நானே ஓட்டறேன்.

நான்: நீ ஓட்டறியா! நேரா நிக்க முடியுதா உன்னால? அண்ணா, சட்டியை வெளிய இழுத்துட்டு வண்டியை எடு. பா, என் மடியில தலையை வை. காலை நீட்டு.

அண்ணன்: சோக்கை இழுத்தாச்சு… வா தாயே… வா… புடிச்சிக்கிச்சு!

அப்பா: ஒடனே எடுக்காதே… உறுமட்டும்.

அண்ணன்: நேரமில்லப்பா.

அப்பா: அதுக்கும் நேரம் குடுக்கணும்டா…

நான்: நீ பேசாம படு. அண்ணா, போ.

அண்ணன்: எதிர்ல ஒண்ணுமே தெரியல. மலை எந்தப் பக்கம் இருக்குதுன்னே தெரியலியே இந்தப் பனியில.

நான்: மெல்லப் போ. இல்ல… மெல்ல வேணாம். சீக்கிரம் போ.

அண்ணன்: ரெண்டுல ஒண்ணு சொல்லு. …தோ, விழ மாட்டேங்குது. ரெண்டாவது விழ மாட்டேங்குது!

நான்: இன்னாண்ணா இந்தச் சத்தம்?

அப்பா: பாவி… பாவி… பல்லைப் பொடி பண்றான் பாரு.

அண்ணன்: உள்ளயே போவலப்பா. கல்லு மாதிரி நிக்குது.

அப்பா: நியூட்ரல்ல வுடு… ஒருதரம் மிதிச்சி…

அண்ணன்: இன்னா சொல்றாரு? இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.

நான்: நியூட்ரல்ல வுடணுமாம். ஒருதரம் மிதிச்சி… பொறு… காலை எடுத்துட்டு, திரும்பவும் மிதிச்சி அப்புறம் போடணுமாம். ரெண்டு தரம் மிதிக்கணும்.

அண்ணன்: மிதிச்சேன்… எடுத்தேன்… மிதிச்சேன்… ம்ஹூம். இடிச்சிட்டு திரும்பி வந்துடுது.

நான்: அப்ப மூணுலயே போ.

அண்ணன்: மூணுல போட்டா முக்குது, ஒண்ணுல போட்டா கத்துது. ஒண்ணுல போனா ஆஸ்பத்திரி போய்ச் சேர பொழுது ஏறிடும் சரசு.

அப்பா: ஏன்டா… ஆயிலு கெட்டியாப் போட வேணாம்னு மெக்கானிக் காசி சொன்னான்… நான்தான்… சத்தம் கம்மியாவும்னு…

நான்: அதெல்லாம் இப்ப எதுக்குப்பா? மூச்சு வாங்குது பாரு உனக்கு.

அண்ணன்: காசி சொன்னதைக் கேக்காம நீயா ஊத்தினே? எனக்குத் தெரியாதேப்பா! பழியெல்லாம் என் காலு மேல போட்டியே!

அப்பா: உன் காலும்தான்…

நான்: சிரிக்கறாருண்ணா.

அண்ணன்: சிரிக்கறாரா? நிஜமா?

நான்: ஆமா. வாயோரத்துல.

அண்ணன்: சிரிப்பா, நல்லா சிரி. ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு ஊசி போட்டுகினு, மத்தியானம் சோத்துக்கு வீட்டுக்கு வந்து நல்லாத் திட்டு. …செங்கம் ரோடு வந்தாச்சு. இங்க திரும்பணும்னா ரெண்டு வேணும்.

அப்பா: ஓங்கி… தள்ளாதே. விரலால வெச்சிப் புடி… அதுவா விழும்.

அண்ணன்: இன்னா?

நான்: ஓங்கித் தள்ள வேணாமாம். விரலால வெச்சிப் புடிச்சிருந்தா போதுமாம். அதுவா விழுமாம்.

அண்ணன்: விழலியே… சரி, ஒண்ணுலயே திருப்பிட்டேன். தார் ரோடு வந்துட்டுதுப்பா. இனிமே குழி இல்ல. எப்பிடி இருக்குது இப்ப?

நான்: …பா?

அண்ணன்: இன்னா சரசு?

நான்: பா… கண்ணைத் தொறப்பா.

அண்ணன்: சரசு! இன்னா ஆச்சி?

நான்: ஒண்ணுமில்ல. போர்வை… போர்வை வெலகிக்கிச்சு. நீ ஏன் திரும்பிப் பாக்கறே? ரோட்டைப் பாருண்ணா! எதிர்ல இன்னாவோ நிக்குது!

அண்ணன்: ஐயோ… கரும்பு வண்டி! லாந்தர்கூட மாட்டாம நடுரோட்டுல போறான் பாரு. யோவ்! ஓரம் கட்டுய்யா!

நான்: ஆரன் அடி. அடிச்சிக்கினே இரு.

அண்ணன்: ஆஃப் ஆயிடுச்சு.

நான்: ஆஃப் ஆயிடுச்சா?

அண்ணன்: மூணுல முக்கி நின்னுட்டுது. இரு… கையி கால் ஓட மாட்டேங்குது… புடிச்சிக்கிச்சு. ஒண்ணு போட்டாச்சு. மாட்டை ஒதுக்கிட்டான். இப்ப ரெண்டு… வா… வாடீ… வந்து தொலை…

நான்: அண்ணா, அப்பிடித் தள்ளாதே! ஒடைஞ்சிடப் போவுது!

அண்ணன்: ஒடையட்டும்! பெட்டியே கழண்டு ரோட்டுல விழட்டும்! …கேட்டியா சத்தம்? முழுசா அரைச்சிட்டேன். இந்தத் தரம் எல்லாப் பல்லும் போயிருக்கும். சரசு, அப்பா இன்னா சொல்றாரு?

நான்: …

அண்ணன்: சரசு. இன்னா சொல்றாருன்னு கேக்கறேன்.

நான்: பரவால்லேங்கறாரு. பரவால்ல, பாத்து ஓட்டச் சொல்லுங்கறாரு. உன்னை… உன்னைப் பயப்பட வேணாம்னு சொல்றாரு.

அண்ணன்: அப்பிடியா சொன்னாரு?

நான்: ஆமாண்ணா.

அண்ணன்: …சரி.

நான்: வண்டி ஏன் இப்பிடி வளைஞ்சி வளைஞ்சி போவுது? ஸ்டேரிங்கைக் கெட்டியாப் புடி.

அண்ணன்: புடிச்சிருக்கேன். குளிருல வெரலு மரத்துப்போச்சு. …நீ தலையை நல்லாப் புடிச்சிக்கோ. பிரேக்கு போட்டா சீட்டுல இடிச்சிக்கப் போவுது.

நான்: புடிச்சிருக்கேன்.

அண்ணன்: போர்வையைக் கால் வரைக்கும் இழுத்துப் போத்து. கால்ல பனி பட்டா அவருக்குப் புடிக்காது.

நான்: போத்திட்டேன்.

அண்ணன்: பேசிக்கினே வா சரசு. சும்மா வராதே.

நான்: இன்னா பேசறது?

அண்ணன்: அவரு சொல்றதைச் சொல்லு.

நான்: அவரு… மெல்லவே போலாம்ங்கறாரு. வேகம் வேணாமாம். …அம்மாவை போளூர்லேருந்து நீயே போயி இட்டுகினு வரணுமாம்.

அண்ணன்: போறேன்ப்பா. நானே போறேன்.

நான்: வெயிலு ஏறினப்புறம் போவணுமாம். பனியில எடுக்க வேணாமாம்.

அண்ணன்: தணலு வெச்சித்தான் எடுப்பேன்னு சொல்லு.

நான்: …சொல்லிட்டேன்.

அண்ணன்: ஆசிரமம் வந்துட்டுது. தோ, வெள்ளைக்காரம்மா பொட்டியோட நிக்குது. நம்ம வண்டின்னு தெரிஞ்சிகினு கை காட்டுது.

நான்: நிறுத்தாதே.

அண்ணன்: நிறுத்தல. அது பின்னாடியே ஓடியாருது பாவம். அப்பாவோட சிரிச்சி சிரிச்சிப் பேசும். இவருக்கு இங்கிலீசு தெரியாது, அதுக்குத் தமிழு தெரியாது. ரெண்டும் மணிக்கணக்காப் பேசும்.

நான்: அண்ணா, கண்ணைத் தொடை. ரோடு தெரியுதா உனக்கு?

அண்ணன்: கண்ணாடியில பனி படியுது. வேற ஒண்ணுமில்ல. நீ அழறியா?

நான்: இல்லியே. எதுக்கு அழணும்?

அண்ணன்: அதானே.

நான்: எதிர்ல கும்பலா வராங்க பாரு. சிங்கி சத்தம் கேக்குது. பஜனைக்காரங்க.

அண்ணன்: ரோட்டை அடைச்சிக்கினு வராங்க. மூணுலேருந்து ரெண்டுக்கு எறங்கணும்.

நான்: விழுமா?

அண்ணன்: பாக்கலாம். மிதிச்சேன்… எடுத்தேன்… மிதிச்சேன். விரலால வெச்சிருக்கேன்… விழுந்துட்டுது.

நான்: சத்தமே கேக்கல.

அண்ணன்: வெண்ணெயில கத்தி எறங்கறாப்பல எறங்கிடுச்சு சரசு. ஆயிலு இளகிப்போச்சு.

நான்: …ம்.

அண்ணன்: அவருகிட்ட சொல்லு.

நான்: சொன்னேன்.

அண்ணன்: இன்னா சொல்றாரு?

நான்: தலையாட்டறாரு.

அண்ணன்: …கோபுரம் தெரியுது. தோ, ஆஸ்பத்திரி கேட்டு. வாச்மேனய்யா! கேட்டை நல்லாத் தொறங்க! உள்ள ஆளு படுத்திருக்காரு!

நான்: வராண்டா ஓரமா நிறுத்து.

அண்ணன்: நிறுத்திட்டேன். வாச்மேன் டாக்டரைக் கூப்புட உள்ள ஓடறாரு பாரு.

நான்: நீயும் எறங்கி ஓடுண்ணா. ஆளைக் கூட்டியா. ஏன் ஸ்டேரிங்கைப் புடிச்சிகினு குந்தியிருக்கே?

அண்ணன்: சரசு…

நான்: எறங்குண்ணா. டாக்டர் வந்து பாக்கட்டும்.

அண்ணன்: பாக்கட்டும். …கரும்பு வண்டியாண்ட நான் அரைச்சேனே, அப்ப இன்னா சொன்னாருன்னு சொன்னே?

நான்: பரவால்லேன்னு…

அண்ணன்: பல்லு அரைச்ச சத்தத்தைக் கேட்டுட்டு நம்ம அப்பா பரவால்லேன்னு சொல்லுவாரா? எவனோ லாரிக்காரன் அரைச்சதுக்கே எழுந்து குந்திக்கினு திட்டினவரு.

நான்: அண்ணா…

அண்ணன்: செங்கம் ரோடு திருப்பத்துலயா?

நான்: ம். அதுவா விழும்னு சொன்னாரே… அதுக்கப்புறம் மூச்சு வரல. நீ ரோட்டை வுட்டுட்டு திரும்பித் திரும்பிப் பாத்தேண்ணா. சொன்னா எங்கனா மோதிடுவேன்னு…

அண்ணன்: தெரியும்.

நான்: தெரிஞ்சேவா ஆஸ்பத்திரி வரைக்கும் இன்னா சொல்றாரு, இன்னா சொல்றாருன்னு கேட்டுக்கினு வந்தே?

அண்ணன்: நீ பதிலு சொல்லிக்கினு வந்தியே. பேச்சு நின்னா நீ ஒடஞ்சிடுவே. மடியில வேற வெச்சிருக்கே அவரை.

நான்: …டாக்டர் வராரு. வண்டியையாவது ஆஃப் பண்ணுண்ணா.

அண்ணன்: வேணாம், ஓடட்டும். அப்பாவை வீட்டுக்குக் கொண்டு போவணும் இல்ல… ஆறிப்போச்சுன்னா ரெண்டாவது விழாது.