நம்பர் வாங்கியது யார்

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு எம்.காம். மாணவிகள். அவர்கள் துறையில் அன்று வேலைவாய்ப்புக் கூட்டம் நடந்திருக்கிறது.

"பேச வந்த சீனியர்கிட்ட நம்பர் வாங்கினியாடி?"

"அவருதான் என் நம்பர வாங்கினாரு."

"எதுக்கு?"

"மஞ்சக்குப்பத்துல எங்க மாமா ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்காருன்னு யாரோ சொல்லிருக்காங்க. அங்க எதாச்சும் வேலை கெடைக்குமான்னு கேட்டாரு. சென்னையில அவரு பாத்த வேலைய இப்ப சாஃப்ட்வேரே பாத்துடுதாம். அனுப்பிட்டாங்களாம்."

"மேடையில அப்படிச் சொல்லலையே?"

"காலேஜ்ல ஆசையா கூப்பிட்டப்ப சொல்ல வாய் வரலையாம்."

பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது.

"உங்க மாமாவையே அந்த ஆபீஸ்ல வேலைய விட்டு நிறுத்திட்டாங்களேடி. சொன்னியா?"

"அவரு மொகத்தப் பாத்து எப்படிடி சொல்றது? மாமாகிட்ட கேட்டுச் சொல்றேன் சார்னுட்டு வந்துட்டேன்."