ராமக்காள் கிணற்றில் சனிக்கிழமைப் பயிற்சி

“சர்க்கரை கம்மியாத்தான் போடச் சொன்னேங்க மேடம். ஆறிப்போவுது, குடிங்க.”

“டீ கெடக்கட்டும். அன்னைக்கு முடிச்சு போட்டது யாரு?”

“நான்தாங்க. எங்க ஸ்டேஷன்ல முடிச்சுன்னாலே நவநீதன்தான். யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.”

தெரசா மேடம் அதை எழுதிக்கொண்டார். அவர் வேறு மாவட்டத்துத் தீயணைப்பு அதிகாரி. எங்கள் பூவரசன் கிணற்றில் விழுந்தது எப்படி என்று விசாரிக்க வந்திருந்தார். இண்டூர்ப் பக்கம், ராமக்காள் தோட்டத்துக் கிணற்றடியில், புளியமர நிழலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பிளாஸ்டிக் நாற்காலிகளை ராமக்காள்தான் கொண்டுவந்து போட்டார். என்னுடையதை அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். மேடம் அவருடையதைப் பார்க்கவில்லை. அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

மறைப்பதற்கு என்னிடம் எதுவும் கிடையாது. கேட்கிறவர் பொறுமையாகக் கேட்டால் நான் முழுவதையும் சொல்லிவிடுகிறவன். இதுவரை யாரும் பொறுமையாகக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

பணியில் சேர்ந்து பதினெட்டு வருடம் ஆகிறது. எங்கள் பக்கத்தில் தீயைவிடக் கிணறுதான் அதிக வேலை கொடுக்கும். மாடு விழும். ஆடு விழும். ஆட்டை எடுக்க இறங்கியவர் ஏற முடியாமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். மாமனார் வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பிய மாப்பிள்ளை ஒருவரை இரண்டு தடவை தூக்கியிருக்கிறோம், இரண்டும் ஒரே கிணறு. எல்லாவற்றுக்கும் நாங்கள் நம்பியிருப்பது ஒரு கயிற்றை. அதை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஒரே கவலையாக இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் சென்னையில் கயிறு மீட்புப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். பதினைந்து நாள். அங்கே கற்றதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விதி. கட்டுகிறவர் ஒருவர், பார்க்கிறவர் வேறொருவர். இறங்கப் போகிறவர் தன் உயிர் தொங்கப்போகும் ஐந்து இடங்களையும் தானே தொட வேண்டும். மரத்தில் கட்டிய இடம், முடிச்சு, கொக்கி, இடுப்புப் பட்டை, தலைக்கவசம். ஐந்தையும் தொட்டபின் சத்தமாக, “பாத்தாச்சு” என்று சொல்ல வேண்டும். சொல்லாதவரைக் கீழே விடக் கூடாது.

ஊருக்கு வந்து இதை எங்கள் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். எல்லோரும் ஆர்வமாகக் கற்றுக்கொண்டார்கள், அந்த ஒரு சொல்லை மட்டும். பூவரசன் வண்டியிலிருந்து கயிற்றை இறக்கும் முன்பே “பாத்தாச்சு” என்பான். ஒரு தடவை வீட்டுக்காரியோடு போனில் பேசிக்கொண்டே, “இரு சானியா, ஒரு நிமிஷம்... பாத்தாச்சுங்கண்ணா... ஆங், சொல்லு, எத்தன கிலோ தக்காளி?” என்றான். அவர்கள் காதலித்துக் கல்யாணம் செய்தவர்கள். எது நடந்தாலும் போனில் பேசிக்கொள்வார்கள்.

“ஏண்டா, தொட்டுப் பாத்தியா?”

“நீங்க கட்டினத நான் பாக்கறதாண்ணா? உங்க முடிச்சு அவுந்தா அன்னைக்கு ஒலகமே அவுந்துரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று இரவு வீட்டில் தனியாக இன்னொரு தடவை சிரித்துப் பார்த்தேன், வரவில்லை.

பயிற்சி சனிக்கிழமை தோறும் ராமக்காள் கிணற்றில்தான். அந்தம்மாவுக்கு எங்களைப் பார்த்தால் பெரிய வேடிக்கை. “ஏனுங்க, வாரா வாரம் எறங்கி எறங்கி ஏர்றீங்களே, உள்ள பொதையல் எதுனா கெடக்குதா? கெடந்தா எம்பங்க வெச்சிட்டுப் போங்க” என்பார். மோட்டாரை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொள்வார். அவர் ஒருவர்தான் நாங்கள் செய்வதை உன்னிப்பாகப் பார்த்தவர் என்று இப்போது தோன்றுகிறது.

சோதனையை நான் சிறியதாகத்தான் ஆரம்பித்தேன். முதல் வாரம் ஒரு கொக்கியின் வாயைப் பூட்டும் திருகை இறுக்காமல் விட்டேன். கண்டுபிடிப்பவருக்குக் கொடுக்க அரைக் கிலோ பால்கோவா வாங்கி அலமாரியில் ஒளித்து வைத்திருந்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கடைசி நொடியில் நானே திருகிவிட்டேன். இரண்டாம் வாரம் இடுப்புப் பட்டையின் ஒரு பக்கிளை மாட்டாமல் விட்டேன். “பாத்தாச்சு” என்றார்கள். மூன்றாம் வாரம் பால்கோவாவை எறும்புகள் கண்டுபிடித்தன. எங்கள் நிலையத்தில் எதையாவது ஒழுங்காகத் தேடிப் பார்ப்பவை அவை மட்டும்தான்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினேன். யார், எதைப் பார்க்கவில்லை என்று. மேடம் அந்த நோட்டைக் கேட்டார், கொடுத்தேன். புரட்டப் புரட்ட அவர் முகம் மாறியது. என் கையெழுத்து அவ்வளவு மோசமில்லையே என்று நினைத்தேன்.

“பதினோரு மாசமா இதைப் பண்ணீருக்கீங்க.”

“ஆமாங்க. நடுவுல ஒரு வாரம் மட்டும் லீவு. மாரண்டஹள்ளியில மச்சினிச்சி கல்யாணம்.”

“இதுல பூவரசன் பேருக்கு மட்டும் செவப்பு மையில கோடு போட்டிருக்கீங்களே?”

நியாயமான கேள்வி. இதைப் பொறாமை என்று நிலையத்தில் பேசிக்கொள்கிறார்களாம். சித்திரையில் ஒரு கிணற்றிலிருந்து கன்றுக்குட்டி ஒன்றை மீட்டோம். பூவரசன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவந்த படம் செய்தித்தாளில் வந்தது. மாநில மீட்புக் குழுவுக்கும் அவன் பெயரைத்தான் கேட்டு எழுதினார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன். இடது ஓரத்தில் கயிற்றைப் பிடித்திருக்கிற முழங்கை என்னுடையது. வெட்டி எடுத்து பர்ஸில் வைத்திருக்கிறேன், கேட்டால் யாருக்கும் காட்டுவேன்.

சிவப்புக் கோட்டுக்குக் காரணம் வேறு. மற்றவர்கள் சோம்பலால் பார்க்கவில்லை. சோம்பலுக்குத் திட்டு போதும். பூவரசன் என்மேல் வைத்த நம்பிக்கையால் பார்க்கவில்லை. அதைத் திட்டித் தீர்க்க முடியாது. மாநிலக் குழுவில் நான் இருக்க மாட்டேன், முன்பின் தெரியாத யாரோ கட்டுவார்கள். அவர்கள் முடிச்சையும் இப்படியே நம்பினால் இவன் கதி என்ன? இவனை நினைத்து நான் பல நாள் தூங்கவில்லை.

எனவே அந்தச் சனிக்கிழமை, புளியமரத்தில் முக்கியக் கயிற்றை 8 வடிவ முடிச்சாகத்தான் கட்டினேன். முடிச்சுக்கு வெளியே கயிற்றின் நுனி, அதாவது வால், ஒரு சாண் நீண்டிருக்க வேண்டும். நான் இரண்டு விரற்கடை விட்டேன், முடிச்சை இறுக்கவும் இல்லை. பாதி வழியில் உருவிக்கொள்ளும் என்று மணல் மூட்டை கட்டி முன்பே பார்த்திருந்தேன். அது போனால் தாங்குவதற்குத்தான் இரண்டாவது கயிறு. அதை மரத்தைச் சுற்றி அழகாகச் சுற்றிவிட்டு, முனையை அடியில் செருகி வைத்தேன். கட்டவில்லை. விரலால் தொட்டாலே தெரிந்துவிடும்.

முந்தைய நாள் கல்லைக் கட்டி இறக்கித் தண்ணீரையும் அளந்திருந்தேன். பதினோரு அடி. நனைவான், பயப்படுவான், கற்றுக்கொள்வான். ஒரு ஆசிரியன் செய்ய வேண்டியதைத்தான் செய்தேன்.

நடுவில் கல்படி நீட்டிக்கொண்டிருந்ததை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. பதினோரு மாதத்தில் என் கணக்கில் தவறியது அது ஒன்றுதான்.

மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டார். “இடுப்பு எலும்பு மூணு எடத்துல உடைஞ்சிருக்குது” என்றார், ஏதோ எனக்குத் தெரியாதது போல. “இனிமே கெணத்துல எறங்கவே முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“ஆமாங்க. இனி அவனுக்குக் கெணத்தால ஒரு ஆபத்தும் இல்லீங்க.”

இதைச் சொன்னபோது என் குரலில் நிம்மதி இருந்தது என்று அவர் பிறகு குறித்து வைத்திருக்கிறார். இருந்திருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்கும் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். சானியா எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தாள். “நீங்க இருந்ததாலதான் அண்ணா சட்டுனு தூக்கினாங்க” என்று அழுதாள். அது உண்மைதான். ஆறு நிமிடத்தில் மேலே கொண்டுவந்தோம், எங்கள் நிலையத்தில் அதுவே வேகமான மீட்பு. அவள் மருந்து வாங்கப் போன சமயத்தில் பூவரசன் மெல்லச் சொன்னான்.

“நான் பாத்தன்ணா.”

“எதடா?”

“அன்னைக்கு அஞ்சையும் தொட்டுப் பாத்தேன். மொத தடவையா நெசமாவே பாத்தேன். மாநிலக் குழுவுக்குப் போறமே, பழகிக்கலாம்னு. வாலு சின்னதா இருந்துச்சு. ரெண்டாவது கயிறு கட்டவே இல்ல.”

“அப்புறம் ஏண்டா எறங்குன?”

“நீங்க கட்டினதாச்சே. மெட்ராஸ்ல சொல்லித்தந்த புது முறையாக்கும்னு நெனச்சேன். கேட்டா எல்லாரும் சிரிப்பாங்கன்னு...” என் பக்கம் தலையைத் திருப்பி, “அது என்ன முறைங்கண்ணா?” என்றான்.

நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து நோட்டில் அவன் பெயருக்கு எதிரே, ‘சோதித்தார், தெரிவிக்கவில்லை’ என்று எழுதினேன். பத்துக்கு ஐந்து போட்டேன். தலைக்கவசம் சரியாக மாட்டியிருந்ததற்காக இன்னும் ஒன்று சேர்த்தேன். நான் யாரிடமும் வஞ்சம் வைக்கிறவன் இல்லை.

நான்தான் செய்தேன். ஒவ்வொரு விரலும் எங்கே இருந்தது என்று சொல்ல முடியும். அதற்குப் பிறகு எங்கள் நிலையத்தில் யாரும் சும்மா “பாத்தாச்சு” என்பதில்லை. ஐந்து இடத்தையும் தொடுகிறார்கள், ஒருவர் இரண்டு தடவை தொடுகிறார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். மேடம் எழுதவில்லை. போலீசுக்குப் போன் செய்தார். வண்டி வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள்.

அந்த அரை மணியை வீணாக்க அவருக்கு மனமில்லை. பூவரசனைத் தூக்கும்போது கழற்றிப் போட்ட அவனுடைய கொக்கி இன்னும் அந்தக் கல்படியில் கிடந்தது, சாட்சிப் பொருள். எங்கள் ஆட்கள் யாரும் தொடக் கூடாது, தானே இறங்கி எடுப்பதாகச் சொன்னார். தன்னோடு கூட்டிவந்த கோவிந்தனைக் கயிறு கட்டச் சொன்னார். என்னைப் பத்தடி தள்ளி நிற்க வைத்தார். ராமக்காள் வரப்பிலிருந்து, “பாத்து எறங்கும்மா, இந்தக் கெணத்துக்கு யாரு மேலயோ கண்ணு” என்றார்.

கோவிந்தன் நல்ல வேலைக்காரர். மரக்கட்டு சரி. முடிச்சு சரி, வால் ஒரு சாணுக்கு மேலேயே இருந்தது. இரண்டாவது கயிறும் சரி. மேடத்தின் கொக்கியை மாட்டும்போது மட்டும் கோவிந்தனுடைய போன் அடித்தது. எடுத்துப் பேசி வைத்தார். கொக்கியின் திருகு இறுக்காமலே நின்றுவிட்டது. மேடம் தொட்டுப் பார்க்கவில்லை. கிணற்று விளிம்பில் திரும்பி நின்று, காலைப் பின்னால் வைத்தார்.

பத்தடி தூரத்திலிருந்தே எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. அங்கிருந்தே வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அவரே திருகிக்கொள்வார், அதோடு மறந்துவிடுவார்.

“மேடம்” என்றேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். “ஒரே ஒரு நிமிஷம். உங்க கயித்த நான் ஒருதரம் தொட்டுப் பாத்துக்கட்டுங்களா?”